மேஸ்திரி சொன்ன ‘முடிந்தது’

திரையில் பச்சை எழுத்தில் ‘முடிந்தது’ என்று இருந்தது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். காலி.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன். காலி ஃபோல்டரை மூடித் திறந்தால் நிரம்பிவிடும் என்பது என் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை. வெளியே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். மறுபடியும் காலி.

சமையலறையில் அக்கா வெந்நீரை மடக்கு மடக்காக விழுங்குகிற சத்தம் கேட்டது. விடிந்ததிலிருந்து அவள் வாசித்த வாக்கியங்கள் அத்தனையும் அந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும். நாளை அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. கட்டி குரல்வளை முழுக்கப் பரவிவிட்டதால் குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். இன்று மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இனி அவளுக்கு உயிர் இருக்கும், பசி இருக்கும், கோபம் நிச்சயம் இருக்கும். குரல் மட்டும் இருக்காது.

அக்கா காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவள். மண்டியில் அவள் பெயர் சைரன். அவள் ஏலம் ஆரம்பித்தால் பின்கேட்டில் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்குகிற டிரைவர் எழுந்து முகம் கழுவுவான். அந்தக் குரல் சில மாதங்களாக ஈர அட்டையைக் கிழிப்பது போலாகிவிட்டது. ஆனாலும் அவள் குரல்தான். இருட்டில் கேட்டாலும் யாரும் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம்தான் வழி சொன்னார். ஒரு கட்டு வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால், அதை வைத்து அக்காவின் குரலிலேயே பேசுகிற ஒரு புரோகிராம் செய்துவிடலாம். அவள் தட்டச்சு செய்தால் போதும், அது பேசும் என்றார். அக்கா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு ஒரு நாள் அவளாகவே சம்மதித்தாள். காரணம் கேட்டதற்கு, “எவளோ ஒருத்தி குரல்ல திட்டினா உங்க அத்தானுக்கு உறைக்குமாடா? பக்கத்து வீட்டு டிவின்னு நினைச்சுக்கிட்டுப் பேப்பரைத் திருப்புவாரு” என்றாள்.

பதிவு செய்கிற பொறுப்பு என்னுடையது. குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான். அக்கா எனக்கு வைத்திருக்கிற பெயர் மேதாவி. அவள் அதை எந்தத் தொனியில் சொல்வாள் என்று எழுத்தில் காட்ட முடியாது.

ஆபீசில் நான் செய்கிற வேலையைக் கேட்டால் யாருக்கும் புரியாது. அதனால் நான் மேஸ்திரிகளைத் தயாரிக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். நான் எழுதுகிற ஸ்கிரிப்ட் தானாக ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காது. கொத்தனாரைக் கூப்பிடும், பெயிண்டரைக் கூப்பிடும், ‘நீ இதைச் செய், நீ அதைச் செய்’ என்று மற்ற புரோகிராம்களை ஏவிவிடும். அக்காவுக்காக எழுதியதும் அப்படித்தான். வாக்கியத்தைத் திரையில் காட்டும். அவள் ஒரு பொத்தானைத் தட்டியதும், ரெக்கார்டர் புரோகிராமைக் கிளப்பிப் பதிவு செய்யச் சொல்லும். அடுத்த வாக்கியத்துக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் கீழே பச்சையில் ‘முடிந்தது’ என்று போடும். அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்கா உற்சாகமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

என் லேப்டாப்பில் நேற்று நன்றாக ஓடியது. இன்று காலை, மெத்தையை ஜன்னலில் சாய்த்து, கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, ஃப்ரிட்ஜைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் என் லேப்டாப்பின் காற்றாடி மாவு மில் மாதிரி இரைவது காதில் விழுந்தது. அக்கா மண்டிக் கணக்குக்கு வைத்திருக்கிற லேப்டாப் சத்தமே போடாது. எல்லாவற்றையும் அதற்கு மாற்றி ஓடவிட்டேன். பச்சை வந்தது. அத்தான் எதிர் வீட்டு பைக் மெக்கானிக்கிடம் போய், கொஞ்ச நேரம் எந்த வண்டியையும் முறுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். எல்லாம் கச்சிதமாக நடந்தது, பதிவைத் தவிர.

ஆனாலும் நான் நிபுணன் அல்லவா, பதறக் கூடாது. ஃபைல்கள் வேறெங்காவது போய் விழுந்திருக்கும் என்று முடிவு செய்தேன். இது அடிக்கடி நடப்பதுதான். ஸ்கிரிப்ட் ஓர் இடத்தில் நின்றுகொண்டு கூப்பிடும், வந்த புரோகிராம் வேறோர் இடத்தில் மூட்டையை இறக்கிவிட்டுப் போகும். லேப்டாப் முழுக்கத் தேடினேன். தக்காளி வரவு, வெங்காய வரவு, போன மழையில் அழுகிய உருளைக்கிழங்கின் புகைப்படங்கள் கிடைத்தன. அக்காவின் குரல் மட்டும் எங்கேயும் இல்லை.

அடுத்த சந்தேகம் ஸ்கிரிப்ட்டில் நான் எழுதியிருந்த ரெக்கார்டரின் முகவரி மேல். முகவரி தப்பாக இருந்தால் மேஸ்திரி கூப்பிட்டாலும் ஆள் வரமாட்டான். முகவரி சரியாகத்தான் இருந்தது. ஆனால், தப்பாக இருந்திருந்தாலும் என் மேஸ்திரி அதைச் சொல்லியிருக்க மாட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் எழுதியபடி, அவன் ஆளுக்குத் தகவல் அனுப்புவான். ஆள் வந்தானா, வேலை செய்தானா என்றெல்லாம் நின்று பார்க்க மாட்டான். தகவல் அனுப்பிய கையோடு வீட்டுக்காரரிடம் ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான். ஆபீசில் அது போதும். அங்கே தப்பானால் சாயங்காலம் மறுபடி ஓட்டுவோம். குரலை அப்படி ஓட்ட முடியாது.

கதவுப் போர்வையை விலக்கிக்கொண்டு அத்தான் தலையை நீட்டினார். அவர் சுபாவம் மெல்லப் பேசுவது. அக்காவோடு வாழ்ந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அக்காவுக்கு இப்போது ஓய்வு நேரம், பேசக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். ஆகவே அவள் ஸ்பூனால் டம்ளரைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தான்தான் மொழிபெயர்ப்பாளர்.

“அடுத்த கட்டு எப்பன்னு கேக்குறா, மாப்ள.”

வரச் சொல்ல வேண்டாம், கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன். என் முகத்தைப் பார்த்தார். காலிப் பெட்டி மாதிரி திறந்து கிடந்த ஃபோல்டரையும் பார்த்தார். கம்ப்யூட்டர் தெரியாதவர்தான். ஆனால் காலி என்பதை யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

“கிடைக்கும்ல?” என்றார்.

“தேடிக்கிட்டிருக்கேன் அத்தான்.”

“அவகிட்ட இப்ப சொல்ல வேணாம். தேடிட்டு சொல்லலாம்.” போர்வையை ஒழுங்காக இழுத்து மூடிவிட்டுப் போனார். சமையலறையில் டம்ளர் அவசரமாக ஒலித்தது. அவர் ஏதோ சமாளிப்பதும் கேட்டது. பொய் சொல்லும்போது அவருக்கு வாக்கியம் நீளமாகும். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

தற்போது என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிற பட்டியலைத் திறந்தேன். ரெக்கார்டர், ரெக்கார்டர், ரெக்கார்டர். உருட்ட உருட்ட ரெக்கார்டர். அக்கா எத்தனை வாக்கியம் வாசித்தாளோ அத்தனை ரெக்கார்டர்கள் உள்ளே நின்றுகொண்டிருந்தன. அத்தனை ஆட்களும் வந்திருக்கிறார்கள். ஒருவர்கூட வேலை செய்யவில்லை. ஒருவர்கூடத் திரும்பிப் போகவும் இல்லை.

எதற்காக நிற்கிறார்கள்?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருந்தது. ஸ்கிரிப்ட்டை விட்டுவிட்டு ரெக்கார்டரை நானே கையால் கிளப்பிப் பார்ப்பது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். ஆனால் நிபுணன் என்று பெயரெடுத்தவன் எளிய வழியைக் கடைசியில்தான் தொடுவான். இல்லாவிட்டால் சம்பளத்துக்கு மரியாதை இல்லை. கிளப்பினேன். நடுத்திரையில் ஒரு சின்ன ஜன்னல் எழும்பியது. இந்தக் கணினியில் இதுதான் முதல் முறை, மைக்கைத் திறக்கலாமா என்று பணிவாகக் கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள், ஆம், வேண்டாம்.

புரிந்துவிட்டது.

எங்கள் ஆபீசில் ஒரு மேலாளர் இருக்கிறார். ஸ்கிரிப்ட் ஓடும்போது திரையில் ஜன்னல்கள் எட்டிப் பார்த்து மறைவது அவருக்குப் பிடிக்காது. வைரஸ் என்று சொல்லிக் கூட்டம் போட்டுவிடுவார். ஆகவே நான் எந்தப் புரோகிராமைக் கிளப்பினாலும் முகத்தைக் காட்டாதே, மறைந்து நின்று வேலை செய் என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். கை தானாகப் போடுகிற வரி அது. அக்காவின் ஸ்கிரிப்ட்டிலும் போட்டிருந்தேன். என் லேப்டாப்பில் எப்போதோ மைக்குக்கு ஆம் சொல்லியாகிவிட்டது, அதனால் நேற்று யாரும் எதுவும் கேட்கவில்லை. இங்கே புது இடம். வந்த ஒவ்வொரு ரெக்கார்டரும் மரியாதையாக, திறக்கலாமா என்று கேட்டிருக்கிறது. கேட்ட ஜன்னலை நான் மறைத்து வைத்திருந்தேன். உள்ளே அக்கா, ‘மலைக்கு அப்பால் மழை பெய்கிறது’, ‘பாத்திரத்தில் பாதிப் பால் இருக்கிறது’ என்று தொண்டை கிழிய வாசிக்க, அத்தனை ஆட்களும் கொல்லைப்புறக் கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றிருக்கிறார்கள். இன்னும் நிற்கிறார்கள்.

ஆக, ஃபைல்கள் எங்கேயும் விழுந்து கிடக்கவில்லை. பதிவே ஆகவில்லை. தேட ஒன்றுமில்லை.

மேடத்துக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். காலையில் இருந்ததில் பாதிகூட இல்லை என்றேன். முழுக் கட்டையும் மறுபடி வாசிக்க முடியுமா என்று அவர் கேட்கவில்லை. முடியாது என்று அவருக்கே தெரிந்தது. வீங்கிய தொண்டை வாசிக்க வாசிக்க இன்னும் அடைத்துக்கொள்ளும். கட்டு முழுமையாக இல்லாவிட்டால் எதைத் தட்டினாலும் பேசுகிற குரலைச் செய்ய முடியாது என்றார்.

“ஆனா இன்னொண்ணு செய்யலாம்,” என்றார். “அவங்க வழக்கமா சொல்ற சில வார்த்தைகளை அப்படியே பிடிச்சு வைங்க. பொத்தானை அமுக்கினா அது மட்டும் வரும். புதுசா எதுவும் பேசாது. ஆனா அது அவங்களேதான். எத்தனை முடியுதோ அத்தனை. அவங்களை வற்புறுத்தாதீங்க.”

இனி சொல்லாமல் இருக்க முடியாது.

சமையலறைக்குப் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அணைத்து வைத்த ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் கசிந்து அவள் காலடிக்கு வந்திருந்தது. அத்தான் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

ஏலத்தில் எதிராளியின் முகத்தைப் பார்த்தே அவன் எவ்வளவு வரை போவான் என்று சொல்லிவிடுகிறவள் அக்கா. என் முகம் அவளுக்கு எம்மாத்திரம்? ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

“சொல்லு.”

மேடத்தின் தடையை மீறி அவள் செலவழித்த முதல் வார்த்தை அது. எனக்காகச் செலவானது.

“காலையில வாசிச்சது எதுவும் பதிவாகலக்கா.”

“எதுவுமா?”

“எதுவும்.”

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மண்டியில் சொத்தைக் கத்தரிக்காய்க்கே அவள் போடுகிற கூச்சல் எனக்குத் தெரியும். அவள் டம்ளரில் மிச்சம் இருந்த வெந்நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெக்கார்டர், அனுமதி, மறைந்த ஜன்னல் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அதுவும் சரிதான், வீடு எரியும்போது கம்பியில் எங்கே பழுது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அத்தான் துணியைப் பிழிந்துகொண்டே, போனால் போகட்டும், குரலா சோறு போடுகிறது என்று ஏதோ நீளமாக ஆரம்பித்தார். வாக்கியம் நீண்டுகொண்டே போனது. பாதியில் அவரே நிறுத்திக்கொண்டார்.

மேடம் சொன்ன மாற்று வழியைச் சொன்னேன். சில வார்த்தைகள் மட்டும். எதுவென்று நீயே தேர்ந்தெடுக்கலாம். ஆஸ்பத்திரியில் வழக்கமாகப் பதிவு செய்கிற வார்த்தைகளாக மேடம் சிலவற்றையும் சொல்லியிருக்கிறார்: வலிக்குது, தண்ணி வேணும், நன்றி.

அக்கா எழுந்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைத் தாண்டி நடந்தாள். போர்வைக்கு முன்னால் நின்று, காற்றும் குரலும் கலந்த ஒரு சத்தத்தில், “வலிக்குதுன்னு சொல்ல எனக்கு மூஞ்சி போதும். வா, மேதாவி” என்றாள்.

நான் முந்திக்கொண்டு ஓடினேன். மறைந்து நில் என்ற வரியை எடுத்தேன். மேஸ்திரிக்குப் புதுப் பாடம் சொல்லிக் கொடுத்தேன்: ஆளைக் கூப்பிட்டால் அவன் வேலையை முடித்துத் திரும்பும் வரை நீ நகரக் கூடாது, என்ன சொல்லிவிட்டுப் போகிறான் என்று கேள், ஃபைல் இருக்கிறதா பார், அதில் சத்தம் இருக்கிறதா பார், எல்லாம் சரியென்றால் மட்டும் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. தப்புத் தப்பாக அடித்து அடித்துத் திருத்தினேன். அக்கா மைக்கின் முன்னால் உட்கார்ந்து, உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெக்கார்டர் கேட்ட கேள்விக்கு ஆம் கொடுத்தேன். இனிமேல் கேட்காதே என்பதற்கும் டிக் போட்டேன். அக்காவுக்குக் கை காட்டினேன்.

“இரு, நான் இன்னும் முடிக்கல.”

அவள் முதலில் தேர்ந்தெடுத்தது இதுதான். மண்டியில் யாராவது குறுக்கே விலை சொன்னால் அவள் அடக்குகிற வாக்கியம். நான் திரையைப் பார்த்தேன்.

சிவப்பு.

மைக் வேறொரு புரோகிராமின் பிடியில் இருக்கிறது என்றது. ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டேன். கொல்லைப்புறத்தில் காலையிலிருந்து காத்து நின்ற கூட்டம். நான் இங்கே ஒருவனுக்கு ஆம் சொன்னது அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கிறது. அதில் முந்திய ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டான். அக்கா சொன்ன வாக்கியத்தை எந்தப் பெயரில் எங்கே எழுதுகிறானோ, எழுதுகிறானா என்றும் தெரியாது.

“மறுபடி சொல்லணுமா?” அத்தான் என் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தார்.

“பேசாதீங்க. ரெண்டு பேரும் பேசாதீங்க.”

அக்காவைப் பேசாதே என்று அதட்டியது வாழ்க்கையில் அதுவே முதல் முறை. அவளும் அதைக் கவனித்தாள். புருவம் மேலே போயிற்று. கூட்டத்தை ஒவ்வொருவராக வெளியேற்ற நேரமில்லை. ரெக்கார்டர் என்று பெயருள்ள அத்தனை பேரையும் ஒட்டுமொத்தமாகத் துரத்து என்று கட்டளை போட்டேன். அவசரத்தில், பெயரில் ரெக்கார்டர் ஒட்டியிருந்த மேஸ்திரியையும் சேர்த்துத் துரத்திவிட்டேன். திரை மொட்டையாக நின்றது. மறுபடி அவனைத் தேடிப் பிடித்து எழுப்பினேன்.

அந்த நேரம் பார்த்து அத்தானின் போன் ஒலித்தது. வார்டிலிருந்து. வருகிறீர்களா, கட்டிலை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். கிளம்பிவிட்டோம், வழியில் இருக்கிறோம், வண்டிகள் நெரிசல், முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது, டிரைவர் கீழே இறங்கி டயரைப் பார்க்கிறான் என்று அத்தான் போர்வைக்கு வெளியே நின்று நீண்ட வாக்கியம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கை காட்டினேன்.

“இரு, நான் இன்னும் முடிக்கல.”

இந்த முறை குரல் இன்னும் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. திரையையே பார்த்தேன். ஆள் உள்ளே போனான். வேலை செய்தான். திரும்பி வந்தான். மேஸ்திரி ஃபைலைத் தூக்கிப் பார்த்தான், காதில் வைத்துக் கேட்டான்.

பச்சை.

நான் மூச்சு விட்டது பதிவாகியிருந்தால் புயல் எச்சரிக்கை என்று போட்டிருப்பார்கள்.

திரையில் ஒரு கட்டம் முளைத்தது. அதைத் தொட்டால் வார்த்தை வரும் என்று காட்டினேன். தொடாதே, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், இப்போது அடுத்தது என்றேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். “அதுக்கு என்ன இப்போ?” பச்சை. “சிரிக்காத.” பச்சை. “கொறைச்சு சொல்லு.” பச்சை. ஒவ்வொன்றுக்கும் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேஸ்திரியின் வாயைப் பார்த்தேன். நன்றி வேண்டாமா என்று கேட்டதற்கு, யாருக்கு என்பது போல அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

பிறகு “பொய்” என்று ஒற்றை வார்த்தை சொன்னாள். சும்மா சொல்லவில்லை. பொ-வில் ஏறி, ய்-யில் சறுக்கி, கேட்பவனை நடுவழியில் இறக்கிவிட்டுப் போகிற அவளுடைய பொய். அந்தப் பொய்க்கு முன்னால் மண்டியில் எத்தனையோ வியாபாரிகள் விலையைத் திருத்தியிருக்கிறார்கள். குரல் நைந்திருந்தாலும் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. பச்சை.

அத்தான் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். வண்டிச் சாவி கையில் இருந்தது. போகலாம் என்று சொல்லத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாதவர் போல லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டார்.

“என்னைக் கூப்பிடறது ஒண்ணு வச்சுக்கலாமா?”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏங்க’தான். ஆனால் அவளிடம் இரண்டு ஏங்க உண்டு. ஒன்று தெரு முழுக்கத் தெரிந்தது. இன்னொன்றை நான்கூட எப்போதாவது, கதவு சரியாகச் சாத்தாத நாட்களில்தான் கேட்டிருக்கிறேன். எது என்பது போல அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

“சத்தம் போடுறதே போதும்,” என்றார் அத்தான். “இன்னொண்ணு இவன் மெஷின்ல எதுக்கு?”

அக்கா மைக்கைக் கிட்டே இழுத்தாள். தோள் இரண்டும் உயர்ந்தன. மிச்சம் இருந்த எல்லாவற்றையும் அடியிலிருந்து வழித்து எடுத்து, “ஏங்க!” என்று ஒரு போடு போட்டாள். ஜன்னலில் சாய்த்திருந்த மெத்தை சரிந்து விழுந்தது. எதிர் வீட்டில் மெக்கானிக் அப்போதுதான் முறுக்கத் தொடங்கிய பைக்கை அணைத்தான். அத்தான் அனிச்சையாக, “தோ வந்துட்டேன்” என்றார்.

பச்சை.

அதற்கு விலை இருந்தது. அக்கா இருமினாள். இருமல் நிற்கவில்லை. அத்தான் தண்ணீர் கொண்டுவந்தார். போதும் அக்கா, போகலாம் என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு விரலைக் காட்டினாள். பிறகு அந்த விரலை என் பக்கம் நீட்டினாள். கடைசி ஒன்று எனக்கு.

கை காட்டினேன். திரையைப் பார்க்க வேண்டியவன் அவளைப் பார்த்தேன்.

உதடு அசைந்தது. காற்று வந்தது. காற்றுக்குள் எங்கேயோ நூல் மாதிரி கொஞ்சம் குரல். அறைக்குள் நின்ற எனக்கே அவள் உதட்டைப் பார்த்ததால்தான் புரிந்தது.

“உன் மேல கோவம் இல்லடா.”

மேஸ்திரி ஆளை அனுப்பினான், காத்திருந்தான், ஃபைலைக் கேட்டுப் பார்த்தான். நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். சிவப்பு. சத்தம் எதுவும் இல்லை என்றான்.

அக்கா என்னைப் பார்த்தாள். மறுபடி சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. நான் லேப்டாப்பைச் சட்டென்று என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“வந்துடுச்சுக்கா,” என்றேன். “ரொம்பத் தெளிவா வந்திருக்கு, இதுவரைக்கும் வந்ததிலயே இதுதான் நல்லா வந்திருக்கு, மறுபடி சொல்லவே வேணாம், அப்படியே பத்திரமா இருக்கு.”

வாக்கியம் நீண்டுவிட்டது.

அக்கா எழுந்து என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். திரையில் வரிசையாக இருந்த கட்டங்களின் மேல் விரல் ஒரு கணம் தேடியது. ஒன்றைத் தொட்டது.

“பொய்,” என்றாள் அக்கா, லேப்டாப்பிலிருந்து.

அத்தான்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நான் எதுவும் பேசவில்லை. பேசினால் மறுபடி அதே கட்டத்தைத் தொடுவாள். மின் கம்பியைப் பிடுங்கிச் சுற்றினேன். லேப்டாப்பை எடுத்து வைக்கப் போனபோது அவள் என் கையிலிருந்து அதை வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் வாசலைத் தாண்டி இறங்கினாள்.